கட்டிலருகே ஒரு நாற்காலி

பாடப்புத்தகங்களில் என் தொழிலின் வரலாறு 1861-ல் பாரிஸில் தொடங்கும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் அதை 1783-ல் லண்டனில் தொடங்கிச் சொல்வேன்.

அந்த வருடம் ஜூன் 17, விடியற்காலை மூன்று மணி வாக்கில், ஃப்ளீட் வீதியை ஒட்டிய போல்ட் கோர்ட் வீட்டில் சாமுவேல் ஜான்சன் விழித்துக்கொண்டார். ஆங்கிலத்துக்கு 1755-ல் பேரகராதி செய்து தந்தவர். வயது 73. தலைக்குள் அரை நிமிடம் ஏதோ குழம்பியது. உடம்பை எப்படி வதைத்தாலும் அறிவை மட்டும் விட்டுவை என்று கடவுளிடம் வேண்டினார். அந்த வேண்டுதலை லத்தீன் செய்யுளாகக் கட்டினார், செய்யுள் கட்ட இன்னும் வருகிறதா என்று பார்ப்பதற்காக. வரிகள் சுமாராகத்தான் வந்தன. அவை சுமார் என்பது தனக்குத் தெரிகிறதே என்று கவனித்தார். அறிவு கெடவில்லை என்று தேறினார். அதற்குப் பிறகுதான் பேச்சு போயிருப்பது தெரிந்தது. விடிந்ததும் பணியாளர் பிரான்சிஸ் பார்பரிடம் காகிதத்தில் எழுதி நீட்டினார். பேசாமல் எதற்கு இதைப் படிக்கச் சொல்கிறார் என்று அவருக்கு விளங்கவில்லை. எழுதும்போது கை தவறான எழுத்துகளைப் போட்டதையும் ஜான்சன் கவனித்து, பின்னால் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் குறித்தார்.

வைத்தியர்கள் வருவதற்கு முன்பே நோயாளி தன் மனத்தைத் தானே சோதித்துக்கொண்ட பதிவு இது. போனது எது, இருப்பது எது என்று பிரித்துப் பார்த்திருக்கிறார். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக நான் செய்யும் வேலையில் பாதி இதுதான். கை கால் விழுந்து, வாய் கோணி வந்தவர்கள், பேச்சு கொஞ்சம் திரும்பியதும் என்னிடம் முதலில் கேட்பது நடக்க முடியுமா என்றல்ல. "எனக்குப் புத்தி கெட்டுப்போச்சாம்மா?" என்றுதான் கேட்கிறார்கள். ஜான்சனுக்கு அன்றிரவு வந்த பயமும் அதே பயம்.

1861-க்கு வருகிறேன். பாரிஸுக்கு வெளியே பிசேத்ர் மருத்துவமனை. லெபோர்ன் என்ற நோயாளி, செருப்புத் தைக்க உதவும் மர அச்சுகள் செய்தவர். முப்பது வயதில் பேச்சிழந்து அங்கே வந்தார். எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்ற ஓசைதான் வரும். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. கால் அழுகி அறுவைப் பிரிவுக்கு மாற்றப்பட்டபோதுதான் அறுவை மருத்துவர் பால் ப்ரோக்கா அவரைப் பார்த்தார். ஏப்ரல் 17-ல் லெபோர்ன் இறந்தார். இருவருக்குமான பழக்கம் ஒரு வாரம்கூட இல்லை. மறுநாளே அவருடைய மூளையை ப்ரோக்கா ஓர் அறிஞர் சபையில் வைத்துக் காட்டினார். இடது முன்மூளையில் பேச்சுக்கான இடம் என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது.

இந்தக் கதையில் எல்லோரும் அந்த மூளையைச் சொல்வார்கள். ப்ரோக்காவின் குறிப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இங்கே எத்தனை வருடமாக இருக்கிறாய் என்று அவர் கேட்டார். லெபோர்ன் இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டி, கூடவே ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று. கணக்கு சரி. மறுநாள் கேட்டபோதும் அதே விடை. மூன்றாவது முறை கேட்டபோது, தன்னை வைத்துப் பயிற்சி பார்க்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கோபம் வந்தது. 'டான்' தவிர அவர் வாயில் வரக்கூடிய ஒரே சொல்லான ஒரு வசவு அப்போது வந்தது.

பேச முடியாதவர் கணக்கு வைத்திருந்தார், காலத்தை அறிந்திருந்தார், எதிரே இருப்பவரின் நோக்கத்தைப் படித்தார், தன் மானத்தைக் காத்துக்கொண்டார். ஒரே கேள்வியில் இத்தனையும் வெளிப்பட்டன. அதே குறிப்பில் இன்னொன்றும் உண்டு: வார்டில் மற்றவர்களுக்கு இவரைப் பிடிக்காது, சுயநலக்காரர், வஞ்சம் வைப்பவர், திருடுகிறவர் என்றுகூடச் சொன்னார்கள். இருபத்தொரு வருடம் வாய் திறந்து ஒரு நியாயம் கேட்க வழியில்லாத மனிதரைப் பற்றிய சாட்சியம் அது. அந்த வருடங்களில் அவரோடு யாராவது உட்கார்ந்து, பேச்சில்லாமல் சேதி சொல்ல ஒரு முறையை உருவாக்கினார்களா என்பதற்கு அந்தக் குறிப்பில் ஒரு வரியும் இல்லை. அவருடைய மூளை இன்றும் பாரிஸில் ஜாடியில் இருக்கிறது. 2007-ல் அதை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

லெபோர்னுடையது திடீரென்று அடித்த பக்கவாதம் அல்ல, ஆண்டுக்கணக்கில் மெல்லப் பரவிய நோய். அதே 1861-ல் ப்ரோக்கா பார்த்த லெலோங் என்ற 84 வயது முதியவருக்குத்தான் முந்தைய வருடம் பக்கவாதம் வந்திருந்தது. அவரிடம் ஐந்து சொற்கள் மிச்சமிருந்தன. பக்கவாதக்காரர்கள் இந்த வரலாற்றில் பிறகு வெகுகாலம் இப்படியே வந்துபோகிறார்கள்: வார்டில் ஒருமுறை, பிணப்பரிசோதனை மேசையில் ஒருமுறை. 1874-ல் கார்ல் வெர்னிக்கே, சரளமாகப் பேசியும் பொருள் பிடிபடாத நோயாளிகளை விவரித்தார். 1914-ல் பாரிஸில் ஜோசப் பாபின்ஸ்கி, கை விழுந்ததையே அறியாதவர்களைப் பற்றிச் சொன்னார். மூளையின் வரைபடம் நிரம்பிக்கொண்டே வந்தது. எந்த இடம் கெட்டால் எது போகும் என்பது தெரிந்தது. இழந்தவரோடு என்ன செய்வது என்பது தெரியவில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். வாஷிங்டனில் அரசு மனநல மருத்துவமனையில் உளவியலாளராக இருந்த ஷெப்பர்ட் ஐவரி ஃப்ரான்ஸ், ஒரு பக்கம் விழுந்து வருடக்கணக்காகக் கிடந்தவர்களைத் தேர்ந்து, தினமும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். 'இனி வராது' என்று கைவிடப்பட்ட கைகளில் அசைவு திரும்பியது. 1915-ல் அதை வெளியிட்டபோது, இவற்றை நிரந்தர வாதம் என்று சொல்வதைவிட, கவனிப்பாரற்ற வாதம் என்று சொல்வதே பொருந்தும் என்ற கருத்தில் எழுதினார். நூறு வருடம் கடந்தும் எங்கள் வார்டு வராந்தாவில் எழுதி ஒட்டத் தகுந்த வரி.

ஃப்ரான்ஸின் குரல் பரவவில்லை. அப்போதே முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. தலையில் குண்டு பாய்ந்தும் உயிர் பிழைத்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். அரசாங்கங்களுக்கு அவர்கள் மீண்டும் வேலைக்குப் போக வேண்டும். பணம் வந்தது, கட்டடம் வந்தது, உளவியலாளர்களுக்குச் சம்பளம் வந்தது. என் தொழிலின் கருவிகளில் பெரும்பாலானவை இருபது வயதுப் படைவீரனுக்காகச் செய்யப்பட்டவை. அறுபது வயதில் கை கால் விழுந்தவருக்கு அவை மிச்சமாகத்தான் வந்துசேர்ந்தன. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமும் நன்றியும் சேர்ந்தே வரும்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் 1916-ல் நரம்பியல் மருத்துவர் கர்ட் கோல்ட்ஸ்டைன் தொடங்கிய நிலையத்தில் மருத்துவ வார்டு, உளவியல் சோதனைக்கூடம், தொழிற்பட்டறை மூன்றும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தன. ஆதேமார் கெல்ப் என்ற உளவியலாளர் அவருக்குத் துணை. காயம்பட்டவர்களை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பார்த்தார்கள். முன்பு சாதாரணமாகச் செய்த சிறு வேலை ஒன்று இப்போது வராமல் போகும்போது, அந்த வேலை மட்டும் தவறுவதில்லை, ஆளே குலைந்துபோகிறார் என்பதை கோல்ட்ஸ்டைன் கண்டார். முகம் வெளுக்கும் அல்லது சிவக்கும், கை நடுங்கும், எரிச்சலோ அழுகையோ பீறிடும், சற்று முன் செய்த எளிய வேலையும் கைவிட்டுப் போகும். இதைப் பேரழிவு எதிர்வினை என்று அழைத்தார். அந்தக் குலைவைத் தவிர்க்க அந்த மனிதர்கள் தங்கள் உலகத்தைச் சுருக்கிக்கொள்வதையும் கண்டார். பெட்டியில் ஒவ்வொரு பொருளும் அதனதன் இடத்தில் அணு பிசகாமல் இருக்கும். வெள்ளைத்தாளைக் கொடுத்தால் ஓரத்தில், விளிம்பை ஒட்டியே எழுதுவார்கள்.

கோல்ட்ஸ்டைனைப் படித்த பிறகு எனக்குப் பல வீடுகள் புரிந்தன. காய்கறி மண்டி வைத்திருந்த ஒருவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். லாரி லாரியாக வந்திறங்கும் சரக்குக்கு மனக்கணக்கிலேயே விலை போட்டவர். தொண்ணூற்று மூன்றுக்குப் பிறகு நின்றார். நெற்றியில் வியர்த்தது. என் அட்டையைத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்பாவுக்கு எப்பவுமே கோவம் ஜாஸ்தி மேடம், இப்போ எங்க யாரையும் மதிக்கிறதில்ல" என்றார் மகன். அது கோபக்குணம் இல்லை, கணக்கு தெரிந்த மனிதர் கணக்கு வராததைக் கண்ட அதிர்ச்சி என்று மகனை வெளியே அழைத்து விளக்கினேன். அப்பா முன்னால் பேரனைக் கொண்டு வாய்ப்பாடு ஒப்பிக்கவைத்து ஞாபகப்படுத்தும் வேலையை உடனே நிறுத்தச் சொன்னேன். நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். ஒவ்வொரு மாலையும் அவரை அது உடைத்துக்கொண்டிருந்தது. பிறகு கணக்குக்குப் பதிலாக, கத்தரிக்காயைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிப்பதிலிருந்து தொடங்கினோம். அது அவருக்கு வந்தது. வந்த இடத்திலிருந்துதான் வராத இடத்துக்குப் போக முடியும் என்பதும் ஃபிராங்க்ஃபர்ட் பட்டறையின் பாடம்தான்.

1933 ஏப்ரலில் பெர்லினில், மருத்துவமனையில் வேலையில் இருந்தபோதே கோல்ட்ஸ்டைனை நாஜிப் படையினர் பிடித்துப் போனார்கள். யூதர், சோஷலிஸ்ட். நாட்டைவிட்டுப் போகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகே விட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் அகதியாக இருந்த காலத்தில் தன் பெரிய நூலைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார்; அது 1934-ல் வெளிவந்தது. இழந்த மனிதர் எப்படித் தன்னை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொள்கிறார் என்பதுதான் அந்த நூலின் மையம்.

இரண்டாம் உலகப் போரில் சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா உரால் மலைப்பகுதியில், கிசெகாச் என்ற இடத்தில் தலைக்காய வீரர்களுக்கான மருத்துவமனையை நடத்தினார். எடின்பரோவில் உளவியலாளர் ஆலிவர் ஸாங்வில் அதே வேலையைச் செய்தார். 1947-ல் ஸாங்வில் வகுத்த மூன்று வழிகளை இன்றும் சொல்லிக்கொடுக்கிறோம்: இழப்பை ஈடுகட்டுதல், ஒன்றுக்குப் பதில் வேறொரு வழியைக் கைக்கொள்ளுதல், இழந்ததையே நேரடியாகப் பயிற்றுதல். லூரியாவின் காகிதங்களில் நான் திரும்பத் திரும்பப் போவது ஒரு பக்கவாதக்காரரிடம். இசையமைப்பாளர் விஸ்ஸாரியோன் ஷெபாலின், மாஸ்கோ இசைக் கல்லூரியின் இயக்குநராக இருந்தவர். 1953-ல் ஒன்று, 1959-ல் ஒன்று என இரண்டு தாக்குதல்கள். சொற்கள் சிதறிவிட்டன; கேட்டதைப் புரிந்துகொள்வதும் சிரமம். ஆனால் மாணவர்களின் இசையைக் கேட்டுத் திருத்தினார், 1962-ல் ஐந்தாவது சிம்பொனியை முடித்தார், மறுவருடம் இறந்தார். அவரைப் பற்றி லூரியாவும் சக ஆய்வாளர்களும் 1965-ல் எழுதினார்கள். 'பேச்சு போச்சு, எல்லாம் போச்சு' என்று சொல்லும் குடும்பங்களிடம் ஷெபாலினைப் பற்றித்தான் பேசுகிறேன்.

1978-ல் மிலான் நகரத்தில் பிசியாக், லுஸ்ஸாட்டி என்ற இருவர் செய்த சோதனை எங்கள் துறையிலேயே அழகானது என்பது என் எண்ணம். வலது மூளை பாதிக்கப்பட்டு, இடதுபக்க உலகமே கவனத்தில் படாமல் போன இரண்டு நோயாளிகள். ஊரின் பேராலயச் சதுக்கத்தில் ஆலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு, கண்ணில் படுவதைச் சொல்லுங்கள் என்றார்கள். வலதுபக்கக் கட்டடங்களே பெரும்பாலும் வந்தன. இப்போது ஆலய வாசலில் நின்று எதிர்ப்புறம் பார்ப்பதாக நினைத்துச் சொல்லுங்கள் என்றார்கள். முதலில் விட்டுப்போனவை வந்தன. முதலில் சொன்னவை காணாமல் போயின. ஞாபகம் அழியவில்லை. நினைவில் விரியும் காட்சிக்கும் இடப்பக்கம் உண்டு, அதுவும் கவனத்திலிருந்து நழுவும் என்று தெரிந்தது.

மதுரையில் இதற்கு வேறு சதுக்கம் தேட வேண்டியதில்லை. புதுமண்டபத்து வாசலில் நின்று கிழக்குக் கோபுரத்தைப் பாருங்கள் ஐயா, சுற்றி என்னென்ன இருக்கு, என்பேன். வடக்குச் சித்திரை வீதி, மொட்டைக் கோபுரத்து முனீஸ்வரர் என்று வலதுபக்கமாகவே போவார்கள். பிறந்ததிலிருந்து மதுரையில் இருக்கும் ஒரு பெரியவர் அம்மன் சன்னதியைச் சொல்லவே இல்லை. கூட இருந்த மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். கோபுரத்துக்கு முதுகைக் காட்டி, புதுமண்டபத்தைப் பார்த்து நில்லுங்கள் என்றேன். அஷ்டசக்தி மண்டபம், அம்மன் சன்னதித் தெரு, பூக்கடை எல்லாம் வரிசையாக வந்தன. "அவருக்கு அம்மா மறக்கலை" என்று அந்த மனைவி அழுதார். இனி கணவர் தட்டில் இடதுபக்கம் இருக்கும் சோற்றை விட்டுவைத்தால் பிடிக்கவில்லை என்று நினைக்கக் கூடாது என்பது அவருக்கு அந்த நிமிடத்தில் புரிந்தது. நான் அரைமணி நேரம் விளக்கியிருந்தாலும் அப்படிப் புரிந்திருக்காது. மிலான் சோதனைக்கு ஒரு வருடம் முன்பு, நியூயார்க்கில் லெனார்ட் டில்லர், ஜோசப் வைன்பெர்க் இருவரும் இப்படிப்பட்டவர்களின் பார்வையை இடப்பக்கம் தேடிப் போகப் பழக்க முடியும் என்று காட்டியிருந்தார்கள். இடதுகையருகே சிவப்பு ரிப்பன் கட்டி, அங்கிருந்து படிக்கத் தொடங்கவைக்கும் எங்கள் பயிற்சி அந்த வழியில் வந்தது.

கவனம், ஞாபகம், பேச்சு எல்லாம் அளக்கப்பட்டன. துயரம்தான் கடைசியில் வந்தது. கை கால் விழுந்தால் மனிதன் அழாமல் என்ன செய்வான், அது இயல்புதானே என்று மருத்துவர்களும் நினைத்தார்கள், வீட்டாரும் நினைத்தார்கள். 1977-ல் மார்ஷல் ஃபோல்ஸ்டைனும் சக ஆய்வாளர்களும், பக்கவாதக்காரர்களையும் எலும்பு, மூட்டுப் பாதிப்பால் அதே அளவு முடங்கியவர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். மிகச் சிறிய ஆய்வு. ஆனால் முடக்கம் ஒன்றாக இருந்தும், பக்கவாதக்காரர்களிடம் மனச்சோர்வு வெகு அதிகம். அப்படியென்றால் முடங்கிய வருத்தம் மட்டும் காரணமில்லை. காயம்பட்ட மூளையும் அதில் பங்கெடுக்கிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்பது பின்னால் பல நாட்டு ஆய்வுகளில் உறுதிப்பட்டது.

மாத்திரையே போதுமா என்ற கேள்விக்கு 2018-ல் பிரிட்டனில் 3,127 பேரிடம் நடந்த ஆய்வு ஒரு விடை தந்தது. ஃப்ளுவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரையை ஆறு மாதம் கொடுத்ததில் புதிதாக மனச்சோர்வு வருவது குறைந்தது. கை கால் செயல்பாடு கூடவில்லை. எலும்பு முறிவு சற்று அதிகரித்தது. மாத்திரை தேவைப்படுபவருக்கு டாக்டர் எழுதட்டும், அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. கட்டிலருகே உட்கார்ந்து பேசும் ஆளுக்கு அது மாற்று ஆகாது.

அந்த ஆள் எங்கே? இந்தியாவில் இது இளைய தொழில். பெங்களூரில் 1954-ல் அகில இந்திய மனநல நிறுவனம் ஏற்பட்டு, மறுவருடம் கிளினிக்கல் சைக்காலஜிப் பயிற்சி தொடங்கியது. அதுவே 1974-ல் நிம்ஹான்ஸ் ஆனது. சி.ஆர். முகுந்தனும் ஷோபினி ராவும் அங்கே நரம்பு உளவியலை வளர்த்தார்கள். 2004-ல் வெளிவந்த நிம்ஹான்ஸ் சோதனைத் தொகுப்பில், பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கும் தனி அளவீடு உண்டு. அதைச் செய்தவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டியை வெளிநாட்டு அளவுகோலில் நிறுத்திப் புத்திக் குறைவு என்று எழுதும் அநியாயத்திலிருந்து அது காப்பாற்றுகிறது. ஆனால் அந்த அளவீடுகள் 65 வயதோடு நிற்கின்றன. என் வார்டில் பாதிப் பேர் அதைத் தாண்டியவர்கள். 1992-ன் சட்டத்துக்குப் பிறகு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்துதான் நாங்கள் வேலை பார்க்கிறோம். பதிவானவர்களில் பக்கவாத வார்டுக்கு வருபவர்கள் மிகச் சிலரே.

ஆள் இல்லாத இடத்தைக் குடும்பம் நிரப்புகிறது. இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. நடிகை பாட்ரிஷியா நீலுக்கு 1965-ல், 39 வயதில், கர்ப்பமாக இருந்தபோது மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. கணவர் ரோல்ட் டால், அக்கம்பக்கத்தாரைத் திரட்டி நாள் முழுக்க முறைவைத்துப் பாடம் நடத்தவைத்தார். வலேரி ஈட்டன் கிரிஃபித் என்ற அண்டைவீட்டுப் பெண் அதை ஒரு முறையாக எழுதிவைத்தார். பிரிட்டனில் தன்னார்வலர் திட்டமாக அது பரவியது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம், குடும்பத்தாருக்கே மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பிப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. ஆறு மாதம் கழித்து, பயிற்சி பெறாத குடும்பங்களைவிட நோயாளிகளின் நிலை மேம்பட்டிருக்கவில்லை. குடும்பத்தின் அன்புக்குக் குறை சொல்லும் முடிவாக நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. தொழில் தெரிந்தவர்கள் வருடக்கணக்கில் கற்றதை, மருமகளிடம் சில நாளில் ஒப்படைத்துவிட முடியாது. அந்த மருமகளே தூக்கமில்லாமல் என் எதிரில் வந்து உட்காரும் இன்னொரு நோயாளி.

பேச்சில்லாதவரின் துயரத்தை எப்படி அறிவது என்பதுதான் இப்போது என் கையில் இருக்கும் வேலை. வழக்கமான வினாத்தாள்கள் எல்லாமே பதில் சொல்லும் வாயை எதிர்பார்ப்பவை. நாட்டிங்காமில் நடீனா லிங்கனும் சக ஆய்வாளர்களும் 1990-களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: நோயாளியைக் கேட்காமல், கூட இருப்பவர் கண்ணால் பார்த்ததைக் கேட்பது. அந்த வழி சரி. ஆனால் கேள்விகள் நம் வீட்டிலிருந்து வர வேண்டும். தாதியர், ஃபிசியோ, கூடவே இருக்கும் மனைவிமார் எல்லோரிடமும் கேட்டுச் சேர்த்துவருகிறேன். பேரப்பிள்ளை வந்தால் நல்ல கையை நீட்டுகிறாரா? சொந்தக்காரர் பார்க்க வந்தால் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருக்கிறாரா? சவரம் செய்யக் கன்னத்தைக் காட்டுகிறாரா, இழுத்துத் திருப்ப வேண்டியிருக்கிறதா? காப்பி ஆறினால் முன்பு முகம் சுளிப்பார், இப்போது எப்படிக் கொடுத்தாலும் விழுங்குகிறாரா? பட்டியல் வளர்ந்திருக்கிறது. அடுத்து இதை மதுரைக்கு வெளியே, தேனி, ராமநாதபுரம் பக்கத்து அரசு மருத்துவமனைகளில், முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு அங்கெல்லாம் வார்டில் வந்து உட்கார எங்கள் தொழில் படித்த ஒருவராவது வேண்டும். இப்போதைக்குப் பயிற்சி முடித்த இரண்டு பிள்ளைகள் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.